ரீலில் தெரியும் வீடும் கடன் மேசைக்கு வரும் வீடும்

பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதியில் ஆலைகள் பலவற்றுக்கு வியாழக்கிழமையே வார விடுமுறை. ஆதலால் புனேயில் உள்ள எங்கள் கிளையின் வீட்டுக்கடன் மேசைக்கு அன்று கூட்டம் மிகுதி. சென்ற ஆண்டு அத்தகைய ஒரு வியாழனன்று தமிழ்த் தம்பதியர் எங்கள் முன் வந்தமர்ந்தனர். கணவர் உதிரிபாக ஆலையொன்றில் மேற்பார்வையாளர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அரைநாள் விடுப்பில் வந்திருந்தார். அவர்கள் முதலில் மேசைமீது வைத்தது சம்பளச் சீட்டையன்று, கைபேசியை. அதில் முப்பது விநாடி ரீல் ஒன்று ஓடியது. நீச்சற்குளம், மாலை வெயிலில் பால்கனி, பின்னணியில் திரைப்பாடல் ஒன்றின் இசை. இறுதியில் பெரிய எழுத்தில் ஒரு வரி: “பத்து சதவீதம் கட்டுங்கள், மீதியை வங்கி தரும்.” அவ்வரியை நம்பி அவர்கள் 2 லட்சம் ரூபாயை முன்பணமாகக் கட்டியிருந்தனர்.

வீட்டின் விலை 62 லட்சம் ரூபாய். அதில் பத்து சதவீதம் 6 லட்சத்து 20 ஆயிரம். அவர்களது சேமிப்பு ஏறத்தாழ 7 லட்சம். ரீல் கூறிய கணக்கின்படி வீடு அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

எங்கள் மேசையின் கணக்கு வேறு. வீட்டுக்கடனாக வழங்கத்தக்க உச்ச விகிதத்தை இந்திய ரிசர்வ் வங்கி வரையறுத்துள்ளது. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேற்பட்டால் 75 சதவீதம். ஆகவே 62 லட்ச ரூபாய் வீட்டுக்கு எந்த வங்கியும் 49 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் தர இயலாது. எஞ்சிய 12 லட்சத்து 40 ஆயிரம் வாங்குவோர் கையிலிருந்தே வரவேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அதன்மேல் தனி. வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டுமாயின் அவற்றை மதிப்பில் சேர்த்துக் கடன் வழங்க விதி இடந்தராது. புனேயில் முத்திரைத் தீர்வை, மெட்ரோவுக்கான கூடுதல் வரியுடன் 7 சதவீதம், அதாவது 4 லட்சத்து 34 ஆயிரம். பதிவுக் கட்டணம் 30 ஆயிரம். மொத்தம் 17 லட்சத்து 4 ஆயிரம் ரூபாய். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கான ஜிஎஸ்டி இதில் சேரவில்லை.

“ரீலில் அப்படித்தானே சார் சொன்னார்கள்?” என்று ஆசிரியை வினவினார். எங்களிடம் விடையில்லை. ரீலில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கட்டுமான நிறுவனத்தாரும் எங்கள் கிளையின் நடப்புக் கணக்கு வாடிக்கையாளரே. 24 வீடுகள் கொண்ட ஒரே ஒரு கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்த சிறு நிறுவனம் அது. பெயர் இங்கு வேண்டா. அழைத்து வினவியபோது அவர் உண்மையாகவே திகைத்தார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. சமூக ஊடகப் பணிகளை மாதக் கட்டணத்துக்கு ஓர் இளைஞரிடம் ஒப்படைத்திருந்தார். அவ்விளைஞர் பிற நிறுவனங்களின் ரீல்களைப் பார்த்து, அதேபோன்ற வரியை இங்கும் இட்டிருந்தார். விசாரணைகள் நூற்றுக்கணக்கில் வந்தன, விருப்பக்குறிகள் ஆயிரக்கணக்கில். கடன் ஒப்பளிப்பு வரை வந்தவையோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. “பார்க்கிறார்கள், வருகிறார்கள், பிறகு காணாமற் போகிறார்கள்” என்பது அவரது மனக்குறை. அவர்கள் காணாமற் போகும் இடம் எங்கள் மேசைதான் என்பதை அன்றுதான் அவருக்கு உணர்த்தினோம்.

எங்கள் இதழின் வாசகர்களுள் சிறு கட்டுமான நிறுவனத்தாரும், வீட்டுமனைத் தரகர்களும், வீட்டுக்கடன் முகவர்களும் பலர் உளர். சமூக ஊடகத்தைப் பயனுறக் கையாள்வது எப்படி என்று அவர்கள் அடிக்கடி வினவுகிறார்கள். எத்தனை மணிக்குப் பதிவிடுவது, எத்தனை விநாடி வைப்பது என்பன போன்ற குறிப்புகள் எங்கும் மலிந்து கிடக்கின்றன. அவற்றுள் எங்களுக்குத் தேர்ச்சி இல்லை. இருநூறு ரூபாய்ச் சட்டையை விற்பதற்கும் இருபது ஆண்டுக் கடனில் வாங்கப்படும் வீட்டை விற்பதற்கும் உள்ள வேற்றுமையை மட்டும் அன்றாடம் காண்கிறோம். சட்டையைப் பார்த்தவர் அங்கேயே வாங்கிவிடுவார். வீட்டைப் பார்த்தவரோ வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், வங்கி அலுவலர், பதிவுத்துறை எனப் பல கண்களைக் கடந்த பின்னரே வாங்க இயலும். பதிவில் மறைந்தது எதுவாயினும் இக்கண்களுள் ஒன்றில் படும். அப்போது விற்பனை முறிவதோடு நிற்பதில்லை, சட்டமும் நுழைகிறது.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தை யாவரும் ரெரா என்றே அழைக்கிறோம். விளம்பரம் என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறை மிக விரிந்தது. எந்த ஊடகத்தின் வழியாக, எவ்வடிவில் வெளியிடப்பட்ட விளம்பரமும் அதில் அடங்கும். ஆகவே நாளிதழின் முழுப்பக்க விளம்பரமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. அச்சட்டத்தின் 12ஆம் பிரிவை ஒவ்வொரு கட்டுமான நிறுவனத்தாரும் ஒருமுறையேனும் படித்திருத்தல் நலம். விளம்பரத்தில் உள்ள தவறான கூற்றை நம்பி முன்பணம் கட்டியவர் இழப்புற்றால் இழப்பீடு பெறலாம்; விலகிக்கொள்ள விரும்பினால் கட்டிய தொகை முழுவதையும் வட்டியுடன் திரும்பப் பெறலாம். 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டேட்டஸ் என்று அசட்டையாக இருப்போர் உளர். திரைப்பிடிப்பு எடுக்க ஒரு நொடி போதும். எங்கள் மேசைக்கு வந்த அந்தத் தம்பதியரும் ரீலைச் சேமித்தே வைத்திருந்தனர்.

அவர்களது 2 லட்சம் ரூபாய் இரண்டு தவணைகளில் திரும்பி வந்தது. நிறுவனத்தார் சட்டத்துக்கு அஞ்சித் தந்தாரா, மனமுவந்து தந்தாரா என்பதை நாங்கள் ஆராயவில்லை.

பின்னர் அவர் தமது பதிவுகளை மாற்றியமைக்க முற்பட்டார். அதனை அருகிருந்து கண்டமையால் சில செய்திகளை இங்குச் சொல்ல முடிகிறது.

முதலாவது மாற்றம் சட்டம் கட்டாயமாக்கியதே. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீடுகளுக்கு மேற்பட்டு அமையும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்தலே குற்றம். பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் விளம்பரத்தில் தெளிவாகத் தெரிதல் வேண்டும். மகாராஷ்டிர ரெரா ஆணையம் 2023 ஆகஸ்டு முதல் ஒவ்வொரு விளம்பரத்திலும் கியூஆர் குறியீட்டையும் கட்டாயமாக்கியது. இதனை இடத்தை அடைக்கும் சுமையாகக் கருதி, கண்ணுக்குப் புலப்படாத அளவில் மூலையில் ஒட்டுவோர் பலர். அவரோ அதைப் பெரிதாக்கி நடுவில் வைத்தார். குறியீட்டை வருடினால் திட்டத்தின் வரைபடமும், அனுமதிகளும், முடிவுறும் நாளும் ஆணையத்தின் தளத்திலேயே விரியும். வாங்குவோர் தாமே சரிபார்த்துக்கொண்டு வந்தமையால், “உங்கள் காகிதங்கள் சரியா?” என்ற கேள்வியோடு வருவோர் குறைந்தனர்.

இரண்டாவது, பரப்பளவு. ‘சூப்பர் பில்டப்’ என்ற பெயரில் படிக்கட்டையும் லிஃப்ட் கூடத்தையும் பங்கிட்டுச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ரெராவின்படி வீடு விற்கப்படுவது கார்ப்பெட் ஏரியா அடிப்படையில். அதாவது வெளிச்சுவர், பால்கனி நீங்கலாக, உட்சுவர் உட்பட, வீட்டினுள் பயன்படுத்தத்தக்க தளப்பரப்பு. இதனைச் சொன்னால் வீடு சிறிதாகத் தோன்றும் என்று அவர் தயங்கினார். அச்சம் பொய்யன்று, தோன்றத்தான் செய்தது. முதல் மாதத்தில் விசாரணைகள் வெகுவாகக் குறைந்தன. அவரது இளைஞர் கைபேசியை எங்களிடம் காட்டிப் புலம்பினார். ஆனால் வந்து பார்த்தவர்கள், “சொன்னதைவிடச் சிறிதாக இருக்கிறதே” என்று கதவருகே நின்று திரும்பிப் போகவில்லை.

மூன்றாவது மாற்றத்தைத்தான் நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். “பத்து சதவீதம்” என்ற வரியிருந்த இடத்தில் ஓர் அட்டவணை வந்தது. வீட்டின் விலை, விதிப்படி கிடைக்கத்தக்க உச்சக் கடன், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, இறுதியாக ‘உங்கள் கையிலிருந்து தேவைப்படும் தொகை’. அதன்கீழ் ஒரு குறிப்பு: உங்கள் வருமானத்தையும் நடப்பிலுள்ள பிற கடன்களின் தவணைகளையும் பொறுத்து வங்கி இதனினும் குறைவாகவே தரக்கூடும். பார்ப்பதற்கு அழகற்ற பதிவு அது. எங்கள் கிளை மேலாளர்கூட, “இதை யார் படிப்பார்கள்?” என்றார். படித்தார்கள். அதைவிட முக்கியம், பிறருக்கு அனுப்பினார்கள். வீடு வாங்க எண்ணும் மைத்துனருக்கு அனுப்பத் தகுந்தது நீச்சற்குளப் படமன்று என்பது அப்போது விளங்கிற்று. விசாரணைப் படிவத்திலும் இரண்டு கேள்விகள் சேர்ந்தன: கையிருப்பு எவ்வளவு, நடப்புத் தவணைகள் எவ்வளவு. அவற்றை நிரப்ப மனமில்லாதவர்கள் விலகினர். நிரப்பியவர்களுடன் பேசும் நேரம் பாதியாகக் குறைந்தது.

கட்டுமானப் படங்களும் அவ்வாறே. வரைகலையில் வரைந்த கட்டடத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு மாதமும் ஒரே கோணத்தில் எடுத்த, தேதியிட்ட மெய்யான படத்தை வெளியிடலானார். இது வங்கிக்கும் பயன்படுகிறது என்பதைப் பலர் அறியார். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கான கடனைப் பணி முன்னேறும் நிலைக்கேற்பவே விடுவிக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. நான்காம் தளம் முடிந்தது என்று நிறுவனத்தார் கோரும் தவணையும், அம்மாதப் படமும், எங்கள் பொறியாளரின் அறிக்கையும் ஒத்துப்போனால் பணம் தடையின்றிச் செல்லும். ‘வீடு கைக்கு வரும்வரை மாதத் தவணை இல்லை’ என்ற கவர்ச்சி வரியும் இவ்விடத்தில்தான் ஆராயத்தக்கது. அத்தகைய திட்டங்களில் கட்டாத கட்டடத்துக்குக் கடன் முழுவதும் முன்கூட்டியே சென்றுவிட, நிறுவனம் தவணையை நிறுத்தியபின் வாங்கியவர் கழுத்தில் சுமை விழுந்த கதைகள் தில்லித் தலைநகர்ப் பகுதியில் ஏராளம். 2025இல் உச்ச நீதிமன்றமே அது குறித்து மத்தியப் புலனாய்வுத் துறையை விசாரிக்கப் பணித்தது. வங்கிகளும் அவ்விசாரணையின் வரம்புக்குள் உள்ளன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எந்தத் தளம் சிறந்தது என்ற வினாவுக்கு எங்கள் விடை சுருக்கமானது. அறிமுகத்துக்கு இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும், விளக்கத்துக்கு யூடியூப், உரையாடலுக்கு வாட்ஸ்அப். வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவர்க்கு மட்டுமே செய்தி சென்றடையும். ஆகவே எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய எண்களின் பட்டியலால் பயனில்லை. ஒப்புதலின்றி அவ்வெண்களைப் பயன்படுத்துதல் முறையுமன்று. மொழியைப் பற்றி ஒரு சொல். அந்நிறுவனத்தார் மராத்தியிலும் இந்தியிலும் மட்டுமன்றி, கட்கி, தேஹு ரோடு வட்டாரங்களில் வாழும் தமிழர்க்காக அந்த அட்டவணையைத் தமிழிலும் வெளியிட்டார். மொழிபெயர்ப்பை எங்கள் கிளையில் செய்து கொடுத்தோம் என்பதைச் சிறு பெருமிதத்துடன் இங்குப் பதிவு செய்கிறோம்.

பிரபலங்களைக் கொண்டு வீட்டைப் புகழச் செய்வோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பணமோ பொருளோ பெற்றுச் செய்யும் பரிந்துரையை அவ்வாறே வெளிப்படையாகக் குறிப்பிடல் வேண்டும் என 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்கீழ் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இயலும். தரகர்களும் ரெராவில் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். பொய்க்கூற்றுக்கு அவர்களும் பொறுப்பாவர்.

இனி, வீட்டுக்கடன் முகவர்கள். இவர்களுள் பலர் எங்களுக்கு வேண்டியவர்கள். எனினும் அவர்தம் ஸ்டேட்டஸ்களைக் காணும்போது நெஞ்சு சற்றே படபடக்கிறது. வங்கியின் இலச்சினையைத் தம் படத்துக்கருகே ஒட்டி, ‘24 மணி நேரத்தில் கடன் உறுதி’ என்கிறார்கள். சட்ட ஆய்வும் மதிப்பீடும் முடியாமல் எந்த அடமானக் கடனையும் எவரும் உறுதி செய்ய இயலாது; இலச்சினையைப் பயன்படுத்த வங்கியின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும்.

வட்டி விகிதத்தைத் தேதியின்றிப் பதிவிடுவது மற்றொரு பிழை. 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மிதக்கும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளன. அந்த ரெப்போ 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரையில் 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதமாக ஏறியது. 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் 6.50இலிருந்து 5.50 ஆக இறங்கியது. 20 ஆண்டுக் கடனில் வட்டி 8.5 சதவீதமாயின் லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய், 7.5 சதவீதமாயின் 806 ரூபாய். 50 லட்சக் கடனுக்கு வேறுபாடு மாதம் 3,100 ரூபாய். ஓராண்டுக்கு முந்தைய பதிவொன்று கூகுளில் அகப்பட்டு, அதைக் கையில் ஏந்தி ஒருவர் எங்களிடம் வாதிட வருவார் என்பதை முகவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை கட்டாயமாகிவிட்டது. வட்டியோடு ஏனைய கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அதனை எப்படிப் படிப்பது என்று இரண்டு நிமிடக் காணொளி ஒன்றை எங்கள் முகவர் ஒருவர் வெளியிட்டார். விற்பனைப் பேச்சு அதில் ஒரு சொல்லும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று சொல்வோரை இன்றும் காண்கிறோம்.

பான் அட்டை, ஆதார், சம்பளச் சீட்டு ஆகியவற்றை இன்ஸ்டாகிராம் செய்தியில் கேட்டுப் பெறுவதை மட்டும் உடனே நிறுத்துங்கள். அத்தகைய படங்களைக் கொண்டே போலி ஒப்பளிப்புக் கடிதங்கள் உருவாகின்றன. ‘செயலாக்கக் கட்டணம்’ என்ற பெயரில் தனிநபர் கணக்குக்குப் பணம் பறிபோகிறது. அவ்வாறு இழந்தோர் 1930 என்ற எண்ணை உடனடியாக அழைத்தல் வேண்டும். எங்கள் மேசையில் இத்தகைய போலிக் கடிதத்தை நீட்டிய முதியவர் ஒருவரின் முகம் எங்கள் நினைவை விட்டு அகலவில்லை.

அந்த ஆசிரியையும் கணவரும் ஏழு மாதங்களுக்குப் பின் மீண்டும் வந்தனர். இம்முறையும் கைபேசியே முதலில் மேசைக்கு வந்தது. குடியிருப்புவாசிகளின் வாட்ஸ்அப் குழுவொன்றில் வீட்டு உரிமையாளர் ஒருவர் இட்ட பதிவு அது. இசை இல்லை. கார்ப்பெட் ஏரியா, கட்டிய ஆண்டு, சங்கத்துக்குக் கட்டும் மாதப் பராமரிப்புத் தொகை, பழைய கடன் முடிந்தமைக்கான சான்று எனச் செய்திகள் வரிசையாக இருந்தன. நான்கு படங்களுள் ஒன்று, சமையலறைச் சுவரில் நீர் கசிந்த கறையைக் காட்டியது. ‘இதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்’ என்று கீழே எழுதியிருந்தார்.

விலை 33 லட்சம். 90 சதவீதம் என்றால் 29 லட்சத்து 70 ஆயிரம். 30 லட்ச வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. தம்பதியரின் வருமானமும் அதற்கு இடமளித்தது. சொந்தப் பங்கு 3 லட்சத்து 30 ஆயிரம், முத்திரைத் தீர்வை 2 லட்சத்து 31 ஆயிரம், பதிவுக் கட்டணம் 30 ஆயிரம்; மொத்தம் 5 லட்சத்து 91 ஆயிரம். அவர்களது 7 லட்சத்துக்குள் அடங்கிற்று. மகாராஷ்டிரத்தில் பெண்கள் தம் பெயரில் மட்டும் வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வையில் ஒரு சதவீதம் சலுகை உண்டு என்று சொன்னோம். கணவர் சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தில் மனைவியின் பெயரை முதலில் எழுதி, தம் பெயரைக் கடனுக்கான இணை விண்ணப்பதாரர் கட்டத்துக்கு மாற்றினார். அதில் மிஞ்சிய 33 ஆயிரம் ரூபாயில் அந்தச் சமையலறைச் சுவரைச் செப்பனிட்டுக்கொண்டனர்.